வங்கி வீட்டை விற்ற கணக்கில் நான் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாம்

அமெரிக்க வங்கிகள் காலாண்டுதோறும் கண்காணிப்பு அமைப்புகளிடம் தாக்கல் செய்யும் நிதி அறிக்கையான ‘கால் ரிப்போர்ட்’டைத் (Call Report) தயாரிக்கப் புதிதாக வருகிறவர்கள், நான் விழுந்த அதே குழியில் வரிசையாக விழுகிறார்கள். கூட்டல் பிழைகளை விட்டுவிடுகிறேன். மென்பொருளே அவற்றைப் பிடித்துவிடும்.

கடன் கட்டாததால் வங்கி கைப்பற்றிய வீடு, மனைகளுக்கு அங்கே ஓ.ஆர்.இ.ஓ. என்று பெயர். பேச்சில் அது ‘ஓரியோ’ என்று பிஸ்கட் பெயராகிவிடும். அவற்றை விற்றதில் வந்த நிகர லாப நட்டம், வருமான அறிக்கையின் 5.ஜே வரிக்குப் போகிறது. வம்பு தொடங்குவது அங்கேதான்.

நட்டம் விற்கிற அன்றுதான் பிறக்கிறது என்று நினைப்பது

ஒரு கணக்கு. கடன் பாக்கி 2,50,000 டாலர். நவம்பரில் வீடு வங்கியின் கைக்கு வருகிறது. நியாய மதிப்பு, அதாவது சந்தையில் பெறக்கூடிய விலை, 2,10,000. விற்கும் செலவு 15,000. ஆகவே ஏட்டில் ஏற வேண்டியது 1,95,000 மட்டுமே. மீதி 55,000 அன்றைக்கே, வராக்கடனுக்காக முன்கூட்டி ஒதுக்கிவைத்த கடன் இழப்பு ஒதுக்கீட்டில் கழிய வேண்டும். மே மாதம் செலவு போக 2,01,000 கிடைக்கிறது என்றால், 5.ஜே வரியில் 6,000 லாபம்.

நான் என்ன செய்தேன்? வீட்டை 2,50,000-க்கே ஏட்டில் வைத்திருந்துவிட்டு, விற்றதும் 49,000 நட்டம் என்று 5.ஜே வரியில் எழுதினேன். கேட்டவர்களிடம், “55,000-இல் 6,000 போனால் 49,000, மொத்தத்தில் ஒன்றுதானே?” என்று வாதம் வேறு. போன மாதம் ஒரு இளைஞர் இதே வாக்கியத்தைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. பாதி அவர்மேல், பாதி என்மேல்.

ஒன்றல்ல. டிசம்பர், மார்ச் இருப்புநிலைகளில் 1,95,000 பெறும் வீடு 2,50,000 என்று நின்றது. கடன் தள்ளுபடிப் பட்டியலான ஆர்.ஐ.-பி-யில் 55,000 ஏறவே இல்லை. அந்தக் கடன் நட்டமே தராதது போல வரலாறு பதிவானது. அடுத்த ஒதுக்கீட்டைக் கணிக்கும்போது அந்த வரலாற்றைத்தான் புரட்டுவார்கள், ஒதுக்கீடு குறைந்துபோகும். போதாததற்கு, 6,000 லாபம் பார்த்துக் கொடுத்த சொத்துப் பிரிவு நட்டத்துக்கு விற்றதாகக் கெட்ட பெயர். டிசம்பர், மார்ச், ஜூன் என மூன்று அறிக்கைகளைத் திருத்தித் தாக்கல் செய்தோம். அந்த வாரம் வீட்டில் சாப்பிட்டதாக நினைவில்லை.

கைப்பற்றிய நாளின் இடைவெளி கடனின் நட்டம். அதற்குப் பிறகு வருவதுதான் சொத்தின் நட்டம். மார்ச்சில் மதிப்பு மேலும் 10,000 சரிந்திருந்தால், விற்கும்வரை காத்திராமல் அந்தக் காலாண்டிலேயே 5.ஜே வரிக்குப் போயிருக்க வேண்டும். பிறகு மதிப்பு ஏறினாலும், அந்த 10,000 வரைதான் திரும்ப ஏற்றலாம்.

வாடகையையும் வரியையும் விற்பனையில் கலப்பது

விற்கும்வரை வந்த வாடகை, மற்ற வட்டியல்லாத வருமானம். சொத்து வரி, கூரை பழுது, காவல் ஆகியவை மற்ற செலவு. இரண்டும் 5.ஜே வரியில் சேராது. இவற்றை முன்கூட்டியே ‘விற்கும் செலவு’ என்று மதிப்பில் கழிப்பவர்களும் உண்டு. அது தரகுக்கும் பத்திரச் செலவுக்கும் உரிய இடம்.

வாங்குபவருக்கு வங்கியே கடன் கொடுத்தால்

முன்பு முன்பணச் சதவீதம் பார்த்து லாபத்தை ஏற்பார்கள். இப்போது ஒப்பந்தம் உண்மையானதா, பணம் வசூலாகுமா, கட்டுப்பாடு கைமாறியதா என்று பார்க்க வேண்டும். சாவி கொடுத்ததை மட்டும் வைத்து லாபம் எழுதாதீர்கள்.

அரசு உத்தரவாதக் கடன்

அரசு உத்தரவாதம் உள்ள கடனுக்காக வீட்டைக் கைப்பற்றினால், நிபந்தனைகள் பொருந்தும்போது ஏட்டில் அது ஓ.ஆர்.இ.ஓ. அல்ல, அரசிடமிருந்து வர வேண்டிய பணம்.

காலக்கெடு

தேசிய வங்கி (அமெரிக்க மத்திய அரசின் உரிமம் பெற்றது) என்றால், கைப்பற்றிய சொத்தை ஐந்து ஆண்டு வரை வைத்திருக்கலாம். அனுமதி பெற்றால் மேலும் ஐந்து வரை. கைப்பற்றிய தேதியைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். நான் தேடிய கோப்பில் அது கடைசிப் பக்கத்தில், பென்சிலில் இருந்தது.