பள்ளி விட்டதும் செஸ் கிளப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விட்டு நாலரை மணிக்கு வரும் பிள்ளைக்கு முதலில் தெரிவது பசிதான். முதல் மாதம் இதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் குடியிருப்பு ஹாலில் பன்னிரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து, சுவரில் டெமோ போர்டை மாட்டி முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். பாதிப் பேர் மேசையிலேயே சாய்ந்துவிட்டார்கள். இப்போது முதலில் சுண்டலோ வாழைப்பழமோ கொடுக்கிறோம். அப்புறம் பத்து நிமிடம் பாடம், மீதி நேரம் முழுக்க ஆட்டம். பிள்ளைகள் ஆடத்தானே வருகிறார்கள்!

நான் பார்த்ததில் பெரிய தவறு, 'நாலு மூவ் மேட்'டில் ஆரம்பிப்பது. ராணியையும் குறுக்காகப் போகும் பிஷப்பையும் சீக்கிரமே வெளியே எடுத்து, எதிராளி ராஜாவை ஒட்டிய எஃப்7 கட்டத்தில் அடித்து, நாலே மூவில் ராஜாவை மடக்கும் வித்தை அது. கற்ற பிள்ளை இரண்டு வாரம் எல்லாரையும் ஜெயிக்கும். மற்றவர்கள் தடுக்கக் கற்றதும் கதை மாறிவிடும். ராணியை விரட்டிக்கொண்டே எதிராளி தன் காய்களை வரிசையாக வெளியே கொண்டுவந்துவிடுவார். இந்தப் பிள்ளைக்கோ வேறு எதுவும் தெரியாது.

அதனால் முடிவிலிருந்து தொடங்குங்கள். ராஜாவும் ராணியும் மட்டும் வைத்து மேட் செய்வது, அடுத்து ராஜாவும் நேராகப் போகும் ரூக்கும், அப்புறம் ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். இது தெரியாத பிள்ளை ராணி, ரூக் இரண்டும் கூடுதலாக இருந்தும் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிராளிக்கு ஆட மூவ் இல்லாமல் போய் டிரா ஆவது) ஆக்கிவிட்டு அழும். முடிவாட்டம் சலிப்பு என்று சொல்லும் பிள்ளைகளிடம் நம் ஊர் குகேஷின் ஆட்டத்தைக் காட்டுங்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டம். டிரா ஆகவேண்டிய நிலையில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென் 55-ஆவது மூவில் ரூக்கைத் தவறான கட்டத்தில் வைத்தார். ரூக்குகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட்டு, ராஜாக்களும் சிப்பாய்களும்தான் மிஞ்சின. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். உலகப் பட்டமே அதில்தான் முடிவானது. போர்டில் அடுக்கிக் காட்டினால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது.

'சின்னப் பிள்ளைதானே' என்று தொட்ட காயை விட்டு வேறு காயை ஆட அனுமதிக்காதீர்கள். கிளப்பில் வரும் சண்டைகளில் முக்கால்வாசி இதில்தான் வருகிறது. முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் ஒரே விதி.

போட்டி வைத்தால் நாக்அவுட் வேண்டாம். 16 பேரில் 8 பேர் ஒரே ஆட்டத்தோடு வெளியே போய்விடுவார்கள். அதிகம் ஆடவேண்டியவர்களும் அவர்கள்தான். ஸ்விஸ் முறையில் யாரும் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட ஒரே புள்ளி எடுத்தவர்கள் மோதுவார்கள், தோற்ற பிள்ளைக்கும் அடுத்த சுற்றில் ஜெயிக்க வாய்ப்பு உண்டு.

பெற்றோரைப் பக்கத்தில் உட்காரவிடுவதையும் தவிர்க்க வேண்டும். காயை நகர்த்திவிட்டு அம்மா முகத்தைப் பார்க்கும் பிள்ளை போர்டைப் பார்ப்பதில்லை. வெளியே நாற்காலி போட்டுக் கொடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆட்டம் முடிந்த கையோடு போனில் எஞ்சினை (சரியான மூவைக் கணக்கிட்டுச் சொல்லும் செஸ் மென்பொருள்) ஓட்டி "இங்கே தப்பு, அங்கே தப்பு" என்று காட்டுவதையும் பொறுமையாகச் சொல்லி நிறுத்த வேண்டும். எஞ்சினைத் திறக்கும் முன், "இந்த இடத்தில் என்ன நினைத்து ஆடினாய், கண்ணா?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்போதே பல பிள்ளைகள் தங்கள் தவறைத் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்!

கிளம்பும் முன் ஒவ்வொரு பையிலும் 32 காய்களைப் பிள்ளைகளையே எண்ணிப் போடச் சொல்லுங்கள். குதிரைகள்தான் அடிக்கடி காணாமல் போகின்றன.