கரண்ட் வராத தோட்டத்து வீட்டுக்கு சோலாரும் ஜெனரேட்டரும் சேர்த்து போடுறது எப்படி

உசிலம்பட்டி பக்கம் மலையடிவாரத் தோட்டத்துல வீடு இருக்கு, லைன் இழுக்க வழியில்லைன்னா கடைக்கு ஓடாதீங்க, மொதல்ல பேப்பர்ல கணக்கு போடுங்க. 9 வாட் பல்பு நாலு, ஒவ்வொண்ணும் அஞ்சு மணி நேரம், கரண்ட் கம்மியா இழுக்குற 30 வாட் பிஎல்டிசி ஃபேன் ரெண்டு, ஒவ்வொண்ணும் பத்து மணி நேரம், டிவி கொஞ்சம், எல்லாம் சேர்த்து ஒரு யூனிட் சொச்சம், ஃப்ரிட்ஜ் வச்சா இன்னொரு யூனிட்.

1 கிலோவாட் பேனல் நல்ல வெயில்ல நாளைக்கு 4 யூனிட் கிட்ட தரும். நம்மூர்ல வெயிலுக்கா பஞ்சம், ஆனா ஐப்பசி கார்த்திகை மழையில பாதிகூட வராது, அதுக்குத்தான் ஜெனரேட்டர். பேனலை தெக்க பாத்து 10 டிகிரி சாய்ச்சு வைங்க, வேப்பமர நிழல் ஒரு ஓரத்துல விழுந்தாக்கூட உற்பத்தி நல்லாவே அடிவாங்கும்.

பேட்டரிதான் பலரும் ஏமாறுற இடம். 12 வோல்ட் 150 ஏஹெச்னா (ஏஹெச்ங்கிறது ஆம்பியர் ஹவர், பேட்டரியோட கொள்ளளவு) 1.8 யூனிட்னு சொல்வாங்க, ஆனா லெட் ஆசிட்ல பாதிக்கு மேல எடுத்தா சீக்கிரம் செத்துரும், அதனால ரெண்டா போடுங்க. காசு இருந்தா லித்தியம், 80 சதவீதம் வரை எடுக்கலாம்.

டீசல் ஜெனரேட்டரை ஒத்த பல்புக்கு ஓட்டாதீங்கண்ணே, லோடு கம்மியா ஓடினா கரி அடைக்கும், டீசலும் வேஸ்ட். பேட்டரி சார்ஜ், தண்ணி மோட்டார் ரெண்டையும் ஒரே நேரத்துல போட்டு ரெண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்திடுங்க. இன்வெர்ட்டர் அவுட்புட்டையும் ஜெனரேட்டர் அவுட்புட்டையும் நேரா ஒண்ணா கோர்த்தா இன்வெர்ட்டர் புகைஞ்சிரும், நடுவுல ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் வீட்டு லைனுக்கு விடுற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம், எர்த்தும்தான்.