ஸ்கி டூரிங் போகும் முன்: உடலும் சறுக்கும் திறனும் போதுமா என்று பார்ப்பது எப்படி?

ஸ்கி டூரிங் என்பது ‘ஸ்கி’ என்ற சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு பனிமலையில் ஏறி இறங்குவது. அதில் மேலே கொண்டுபோய் விட லிஃப்ட் கிடையாது. ஸ்கியின் அடியில் ‘ஸ்கின்’ என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு நாமே ஏற வேண்டும். அதன் இழைகள் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் ஸ்கி முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. உச்சியில் அதை உரித்துப் பைக்குள் போட்டுவிட்டுச் சறுக்கி இறங்கலாம். ஆல்ப்ஸில் முதல் பயணத்துக்குப் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் “என்னால் ஏற முடியுமா?” என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது பாதிக் கேள்வி. நாலு மணி நேரம் ஏறிக் களைத்த கால்களோடு, முதுகில் பையோடு, மோசமான பனியில் இறங்க முடியுமா? மீதிப் பாதி அதுதான்.

படி 1: ஏற்றத்தை நேரமாக்குங்கள்

பயண விவரத்தில் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறோம் என்பதை, கிலோமீட்டர் அப்புறம். சுவிஸ் பனிச்சரிவு (அவலாஞ்ச்) நிபுணர் வெர்னர் முன்ட்டர் பெயரில் வழங்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு கி.மீ.க்கு 1, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 என்று போட்டுக் கூட்டி, 4ஆல் வகுக்க வேண்டும். 5 கி.மீ. தூரத்தில் 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் 5 + 12 = 17; அதாவது நாலேகால் மணி நேரம். சறுக்கி இறங்க அதே 17ஐ 10ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. இளைப்பாறுவதும் சாப்பிடுவதும் இதில் சேராது. முதல் பயணத்துக்கு 600 முதல் 800 மீட்டர் ஏற்றம் போதும்.

படி 2: படிக்கட்டில் சோதியுங்கள்

மணிக்கு 300 மீட்டர் ஏறினால் புதியவருக்கு நல்ல வேகம். ஒரு மாடி சுமார் 3 மீட்டர். ஆக ஒரு மணி நேரத்துக்கு 100 மாடி. பத்து மாடிக் கட்டடத்தில் 8 கிலோ பையோடு பத்து முறை ஏறிப் பாருங்கள். கீழே வர லிஃப்டைப் பிடியுங்கள், முழங்கால் பிழைக்கும். ஏறிய நேரத்தை மட்டும் கூட்டுங்கள். ஏறும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் அந்த வேகம் உங்களுக்கு அதிகம்.

அடுத்த நாள் காலையிலும் இதையே செய்யுங்கள். மலைக்குடிலில் தங்கிப் போகும் பயணங்களில் பலரைக் கவிழ்ப்பது இரண்டாம் நாள்தான். குடில் 2,500 மீட்டருக்கு மேல் இருந்தால் தலைவலி, தூக்கமின்மை வரலாம். படிக்கட்டுப் பயிற்சி அதற்கு உதவாது. நேராக அங்கே போகாமல் ஓரிரு இரவு தாழ்வான ஊரில் தங்கிப் போவது நல்லது.

படி 3: சறுக்கும் திறனை நாள் முடிவில் பாருங்கள்

இயந்திரம் மட்டப்படுத்திய பாதையில் அழகாக இறங்குவது இங்கே அதிகம் உதவாது. சிவப்புக் குறியிட்ட (நடுத்தரக் கடினமான) பாதையில், எந்தப் பனியிலும், நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதா? அப்படியென்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம். சுவிட்சர்லாந்தில் மஞ்சள் குறியிட்ட பாதைகளைப் பனிச்சரிவிலிருந்து பாதுகாக்கிறார்கள், ஆனால் மட்டப்படுத்துவதில்லை. திறந்திருக்கும் நாளில் ஒரு துணையோடு, காலையில் வேண்டாம், கால் தளர்ந்த பிற்பகலில், பையை மாட்டிக்கொண்டு அதில் இறங்குங்கள்.

சந்திக்க வேண்டிய எதிரி, மேலே ஓடுபோல் உறைந்து உள்ளே மெத்தென்று இருக்கும் பனி. எடை ஏறியதும் ஓடு உடையும், ஸ்கி உள்ளே போகும், திரும்ப முயன்றால் முனை ஓட்டுக்கடியில் மாட்டிக்கொள்ளும். அங்கே ஸ்டைல் எடுபடாது. பக்கவாட்டில் வழுக்கி இறங்குவது, சரிவைக் குறுக்கே கடந்து நின்று திரும்புவது, இந்த இரண்டும் தெரிந்தவர் மெதுவாகவாவது வந்து சேர்வார். தெரியாதவர் விழுந்து விழுந்து எழுவார். ஆழமான பனியில் பையோடு எழுந்திருப்பது ஏறுவதைவிடச் சக்தியைக் குடிக்கும். பத்துத் திருப்பத்துக்குள் இரண்டு முறை விழுந்தால் அந்தப் பருவத்தை ஆசிரியரோடு பயிற்சியில் கழியுங்கள்.

படி 4: தரக்குறியீட்டைப் படியுங்கள்

சுவிஸ் ஆல்பைன் கிளப்பின் அளவுகோலில் எல் என்றால் எளிது, 30 பாகை வரையிலான சரிவு. டபிள்யூஎஸ் 30க்கு மேல், இசட்எஸ் 35க்கு மேல், எஸ் 40க்கு மேல். முதல் பயணம் எல். சில நல்ல பயணங்களுக்குப் பின் டபிள்யூஎஸ். இது பாதையின் தரம்தான். இன்றைய பனி எப்படி என்று இது சொல்லாது.

படி 5: கிக் டர்ன்

செங்குத்தில் வளைந்து வளைந்து ஏறும்போது ஒவ்வொரு மூலையிலும் நின்ற இடத்திலேயே திசை திரும்பும் இந்த முறை தேவை. மேல்பக்க ஸ்கியைத் தூக்கிப் புதிய திசையில் வைத்து, எடையை அதற்கு மாற்றி, பின்காலின் குதிகாலை லேசாக உதைத்தால் ஸ்கியின் முனை எழும்பும், சுழற்றிக் கொண்டுவந்துவிடலாம். சமதளத்தில் முதலில் பழகுங்கள்.

படி 6: பனிச்சரிவு அறிவு

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் உடைகின்றன. ஐரோப்பிய ஆபத்து அளவு 1 முதல் 5 வரை. 3 என்பதை ‘நடுத்தரம்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது நிஜமான ஆபத்து. டிரான்ஸீவர் (புதைந்தவரைத் தேட உதவும் ரேடியோ கருவி), துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10–15 நிமிடங்களுக்குப் பிறகு வேகமாகச் சரிகிறது. உதவிக்குழு அதற்குள் பெரும்பாலும் வந்துசேராது. தோண்டி எடுக்கப்போவது உடன் வந்தவர்தான். எனவே ஒரு நாள் பயிற்சி வகுப்பு இல்லாமல் பதிவே செய்ய வேண்டாம்.

படி 7: கனவுப் பயணத்தோடு ஒப்பிடுங்கள்

எல்லோரும் ஆசைப்படும் ஓட் ரூட், பிரான்ஸின் சாமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் வரை, வழக்கமாக ஆறேழு நாள். கடைசி நாள் விஞ்ஞெட் குடிலிலிருந்து மூன்று கணவாய்கள் தாண்டிக் கிட்டத்தட்ட 30 கி.மீ. அது முந்தைய நாட்களின் களைப்போடு வருகிறது என்பதைக் கவனியுங்கள். முதல் பருவத்தில் இதைத் தொடாதீர்கள்.

வழிகாட்டிக்கு எழுதும்போது “நன்றாகச் சறுக்குவேன்” என்று எழுதிப் பயனில்லை. மணிக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறீர்கள், எத்தனை கிலோ பையோடு, எந்தப் பனியில் தடுமாறுகிறீர்கள், பனிச்சரிவு வகுப்பு முடித்தீர்களா என்று நாலு வரி எழுதுங்கள். குழுவில் மற்றவர்களின் வேகத்தையும் கேளுங்கள்.