மூன்று மாதக் கோர்ஸ் முடித்துவிட்டீர்கள், வீட்டு வயரிங்கைத் தனியாக எடுக்கலாமா?

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் கோர்ஸ் முடித்துச் சான்றிதழோடு வரும் தம்பிமார் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இனி வீடு எடுத்துச் செய்யலாமா?" இப்போதைக்கு எடுக்காதீர்கள். கோர்ஸ் வீண் என்று நான் சொல்லவில்லை. அது கற்றுத்தந்ததற்கும் ஒரு வீடு உங்களிடம் கேட்பதற்கும் நடுவில் ஒரு வருட வேலை கிடக்கிறது, அந்த வருடத்தை எப்படிப் போக்குவது என்றுதான் எழுதுகிறேன்.

கோர்ஸில் நீங்கள் செய்தது பிளைவூட் பலகையில். வயர் புதுசு, நிறம் சரி, எங்கே எது போகிறது என்று கண்ணுக்குத் தெரியும், லைட் எரிந்தால் பாஸ். வீட்டில் அப்படி இல்லை. பழைய வீட்டில் சிவப்பும் கறுப்பும், பிறகு இறக்கிய அறையில் பிரவுனும் நீலமும், சீலிங் சீட்டுக்கு மேலே எலி கடித்த இடத்தில் வெறும் டேப். எரிய வைப்பது எளிது. அது யாரையும் கொல்லாது என்று உறுதிப்படுத்துவதுதான் தொழில், குறுகிய கோர்ஸில் அதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

கல்லடியில் ஒரு வீட்டுக்குப் போனேன். வெறுங்காலோடு பிரிட்ஜ் கதவைத் தொட்டால் சில நேரம் சுர்ரென்று பிடிக்கிறது. பிளக் பொயிண்டைக் கழற்றினால், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் ஏர்த் ஊசியிலிருந்து, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலுக்கு ஒரு விரல் நீளத்துக்கு வயர் போட்டிருக்கிறது. அந்த அறைக்கு ஏர்த் வயரே இழுக்கவில்லை, அதனால் நியூட்ரலை ஏர்த் ஆக்கிவிட்டார்கள். நியூட்ரல் ஸ்குரூ தளர்ந்திருந்தது, அது தொடுப்பு விடும் நேரமெல்லாம் கம்பிரசர் வழியாக மின்சாரம் பிரிட்ஜின் உடம்புக்கு வந்துவிடுகிறது. கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதையும் யாரோ பைபாஸ் பண்ணியிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்க அந்த வீட்டு அம்மா கேட்டார், "லைட் எரியுதுதானே மனே, புறகென்ன?" அவரில் பிழையில்லை. எரிவது மட்டும் போதாது என்று அவருக்குச் சொல்ல வேண்டியது நாங்கள்தான்.

இதைக் கணக்காகவே பாருங்கள். எங்கள் வீடுகளில் பொதுவாக வீட்டுக்கென்று தனி ஏர்த் கம்பி புதைக்கிறோம். அதன் தடை 50 ஓம் என்று வையுங்கள். கரண்ட் வரும் லைவ் வயர் பிரிட்ஜ் உடம்பில் பட்டால் 230 வோல்டை 50 ஆல் வகுக்க வருவது 4.6 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கர் இதற்கு அசையவே அசையாது, பிரிட்ஜ் உடம்பில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் அப்படியே நிற்கும். பிரேக்கர் காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச். அது விழுகிறதென்றால் எங்கோ கசிவு இருக்கிறது, அந்த இடத்தைத் தேடிப் பிடியுங்கள், யார் கெஞ்சினாலும் பைபாஸ் பண்ணாதீர்கள்.

எங்கள் கரையோர மணலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்கழி மழையில் அளந்த ஏர்த் நல்லாத்தான் காட்டும். சோளகக் காற்று அடிக்கிற ஆவணியில் அதே கம்பியைப் போய் அளந்து பாருங்கள், மணல் காய்ந்து தடை எங்கேயோ ஏறியிருக்கும். உப்புக் காற்றில் ஏர்த் கிளாம்பு பச்சை பூத்து உள்ளே வயர் அறுந்திருப்பதையும் காண்பீர்கள். அதனால் கம்பியை ஈரம் நிற்கும் ஆழத்துக்கு இறக்குங்கள், போதாவிட்டால் குறைந்தது ஒரு கம்பி நீளம் தள்ளி இரண்டாவதைப் புதைத்து இரண்டையும் இணையுங்கள், கிளாம்பு பிறகும் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும்.

சரி, அந்த ஒரு வருடம். முதலில் ஒரு மூத்த வயர்மனோடு சேருங்கள், சம்பளம் குறைவானாலும் பரவாயில்லை, ஆனால் ஆளைப் பார்த்துச் சேருங்கள். அவரிடம் வயரின் இன்சுலேஷனை அளக்கும் மெகர் இருக்கிறதா, வேலை முடிந்து அளக்கிறாரா என்று பாருங்கள். டெஸ்டர் ஸ்குரூ டிரைவர் ஒன்றோடு மட்டும் திரிகிறவரிடம் வேகம் பழகலாம், தொழில் பழக முடியாது. அந்த டெஸ்டர் உங்கள் உடம்பு வழியாக எரிவது, தடித்த செருப்பும் காய்ந்த நிலமும் என்றால் லைவ் வயரிலும் எரியாமல் இருக்கலாம். அதனால் அதை நம்பாமல், வோல்ட் அளக்கும் மீட்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வையுங்கள், பிறகு தொடப்போகும் வயரில், பிறகு திரும்பவும் கரண்ட் உள்ள இடத்தில். மூன்று தரமும் பார்த்த பிறகுதான் கை.

அளக்கும் ஒழுங்கைக் கை பழகும் வரை செய்யுங்கள். மெயினை நிறுத்திவிட்டு ஏர்த் வயர் ஒவ்வொரு பொயிண்டுக்கும் தொடர்ச்சியாகப் போகிறதா என்று பாருங்கள். பல்பு, சாமான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மெகரில் 500 வோல்ட் வைத்து இன்சுலேஷனை அளந்து பாருங்கள், ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் கரண்ட் கொடுக்க வேண்டாம். லைவ், நியூட்ரல் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு பொயிண்டிலும் பாருங்கள். கடைசியாகக் கரண்ட் கொடுத்து ட்ரிப் சுவிட்ச்சைச் சோதியுங்கள். பட்டன் அமத்தினால் விழுவது ஒரு பாதிதான், ட்ரிப் சுவிட்ச் சோதிக்கும் கருவியில் 30 மில்லியம்பியருக்கு 300 மில்லிசெக்கனுக்குள் விழ வேண்டும்.

இந்த ஒரு வருடத்தில் தனியாக என்ன செய்யலாம் என்றால், மெயினை நிறுத்திவிட்டு ஹோல்டர், சுவிட்ச், பேன் போன்றவற்றை இருந்ததுபோலவே மாற்றலாம். புது லைன் இழுப்பது, பிரேக்கர்கள் இருக்கும் டிபி போர்டைத் திறப்பது, கிணற்று மோட்டருக்கு வயர் கொடுப்பது எல்லாம் மூத்தவர் பக்கத்தில் நிற்கும்போது. 2.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு, அதாவது கடையில் கேட்கும் 7/0.67, அது ரிங்காக டிபி போர்டுக்கே திரும்பி வராமல் ஒரே லைனாகப் போனால் 32 அம்பியர் பிரேக்கர் போடாதீர்கள், 20 போதும். சோலார் தகட்டு வயரைத் தொடவே வேண்டாம், மெயினை நிறுத்தினாலும் வெயில் இருக்கும்வரை அதில் கரண்ட் இருக்கும். மின்சார சபை சீல் வைத்த மீட்டர்ப் பெட்டியும் அப்படித்தான், அது எங்கள் வேலை இல்லை.

கையில் இருப்பது என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) மூன்றாம் மட்டம் என்றால் நான்குக்குப் போங்கள். வேலை செய்த அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்குப் போகும் வழியும் இருக்கிறது, அதற்குச் செய்த வேலைகளின் பதிவு கேட்பார்கள். அதனால் இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். எந்த ஊர், என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தேன், அளந்த எண்கள் என்ன என்று ஒவ்வொரு வேலைக்கும் எழுதுங்கள்.

வருடம் முடிய ஒரு வீட்டை முழுவதும் நீங்களே அளந்து கொப்பியில் எழுதி, அதைக் காட்டாமல் உங்கள் மூத்தவரைத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். இரண்டு பேருடைய எண்களும் ஒத்துவந்தால் அடுத்த வீட்டைத் தனியாக எடுங்கள்.