அளவின்றித் தின்னும் சுழல்: காலைச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள்

ராத்திரி ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றபடி அளவில்லாமல் தின்பதற்குக் காரணம் மனவுறுதிக் குறைவு அல்ல; பெரும்பாலும் பகலெல்லாம் வயிற்றைக் காயப்போட்டதுதான். அதனால் ராத்திரியோடு மல்லுக்கட்டாமல் காலையைச் சரிசெய்யுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே 2 அல்லது 3 முறை சிறுதீனி: 11 மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல், 4 மணிக்கு டீயோடு வாழைப்பழம். இடைவெளி 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஆரம்பத்தில் பசி உணர்வே தாறுமாறாக இருக்கும், கடிகாரத்தை நம்புங்கள்.

பலர் சறுக்குவது மறுநாள் காலையில். நேற்றுத் தின்றதை ஈடுகட்ட இட்லியைத் தவிர்ப்பார்கள். ராத்திரி மறுபடி அதே கதை. என்ன ஆனாலும் அடுத்த வேளையை விடாதீர்கள்.

தின்றதை வெளியேற்ற வாந்தி எடுத்திருந்தால் உடனே பல் துலக்க வேண்டாம், வயிற்று அமிலம் பட்ட எனாமல் (பல்லின் மேலடுக்கு) தேயும். வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். படபடப்போ மயக்கமோ வந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்புச்சத்து இறங்கியிருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமானால் இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை டெலி மானஸ், 14416.