குளிரில் மட்டும் எரிந்த விளக்குகள்

ஓசூரை ஒட்டிய தளிப் பக்கம் மார்கழிக் குளிர் சும்மா விடாது. விடியற்காலையில் ராயக்கோட்டைக்குத் தக்காளி ஏற்றிய பிக்கப்பைக் கிளப்பினால் செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றும். டாஷ்போர்டில் பேட்டரி, ஏபிஎஸ் (பிரேக்) எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும். வெயில் ஏறினால் அணைந்துவிடும். சென்சார் மாற்றச் சொன்னார் மெக்கானிக். எனக்கு ஒப்பவில்லை. குளிரில் பேட்டரி சக்தி குறையும், இன்ஜின் ஆயில் கெட்டியாகும். வோல்ட் சரிந்தால் வண்டியின் கன்ட்ரோல் யூனிட், அதாவது அதன் மின்னணு மூளை, குழம்பிப் பொய்யாகவும் எச்சரிக்கும்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன். நின்ற வண்டியில் 12.5 வோல்ட், சரிதான். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே 1 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அரை வோல்ட்டே அதிகம்! அப்படியென்றால் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வழியில் எங்கோ தடை. எர்த் கேபிள் சேசிஸில் (வண்டிச் சட்டத்தில்) சேரும் போல்ட்டைக் கழற்றினால், கேபிள் முனை வளையத்துக்கு அடியில் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். மறுநாள் பனியிலும் ஒரே அடியில் கிளம்பியது. சென்சார் காசு மிச்சம்.