ஊருக்குப் போகும் முன் ஏர்கானுக்குச் செய்யும் அநியாயங்கள்

ஏர்கான் பழுதுபார்ப்பது என் தொழில். ஜனவரி முதல் வாரம் வந்தால் என் கைப்பேசி ஓயாது. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஏர்கானைப் போடுவார்கள். அடுத்த நிமிடம் எனக்கு அழைப்பு. "அண்ணே, ரூம் பூரா ஒரு மாதிரி நாத்தம். கேஸ் போயிடுச்சு போல."

போன வாரம் சிங்கப்பூரின் செங்காங்கில் இப்படி ஒரு வீடு. புதிதாகக் கல்யாணமானவர்கள், முதல் பிடிஓ வீடு, அதாவது முன்பதிவு செய்து கட்டித் தரும் அரசாங்க அடுக்குமாடி வீடு. முதல்முறையாக ஐந்து வாரம் பூட்டிவிட்டுத் திருச்சிக்குப் போய் வந்திருக்கிறார்கள். கிளம்பிய அன்று என்னென்ன செய்தார்கள் என்று அந்தப் பையன் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருடத்துக்கு முன் நான் செய்ததை ஒன்றுவிடாமல் செய்திருக்கிறான்.

விளக்கை அணைக்க மறப்பது, ஜன்னலைச் சாத்த மறப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை விடுவோம். நல்லது என்று நினைத்துச் செய்கிறோமே, அந்தத் தவறுகளைப் பார்ப்போம்.

கடைசி நிமிடம் வரை குளிரவைத்து, அப்படியே பூட்டிப் போவது

இரவு விமானம். மாலை முழுக்கப் பெட்டி கட்டும் வேலை, வியர்த்துக் கொட்டுகிறது, ஏர்கான் பதினெட்டில் ஓடுகிறது. டாக்சி கீழே வந்ததும் ரிமோட்டில் ஒரு அழுத்து. ஜன்னல்களையெல்லாம் காற்றுப் புகாமல் சாத்தி, அலமாரிகளைப் பூட்டி, கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்குவோம். பொறுப்பாகத்தான் தோன்றும்.

உள்ளே நடப்பது வேறு. காற்று குளிரும்போது அதிலிருக்கும் ஈரம், காற்றைக் குளிரவைக்கும் காயிலின் அலுமினியத் தகடுகளில் துளித்துளியாகப் படியும். ஏர்கான் ஓடும் வரை அது வழிந்து குழாயில் போய்விடும். சட்டென்று அணைத்தால் தகடுகளின் இடுக்கிலும், கீழ்த்தட்டிலும், உள்ளே உருண்டு காற்றை ஊதும் நீளமான புளோவரிலும் ஈரம் தங்கிவிடும். இருட்டு, ஈரம், தின்பதற்கு நம் வீட்டுத் தூசி. பூஞ்சணத்துக்கு இதைவிடச் சொகுசான இடம் வேறில்லை. இதோடு, ஜில்லிட்டுக் கிடக்கும் சுவரிலும் அலமாரியின் முதுகிலும் வெளியிலிருந்து கசியும் வெதுவெதுப்பான காற்று பட்டு அங்கேயும் ஈரம் கோக்கும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்குக் குறையாது. விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். டிசம்பரிலோ வடகிழக்குப் பருவமழை வேறு.

இருபது வருடத்துக்கு முன் நாங்கள் ஈசூனில் மூவறை வீட்டில் இருந்தோம். தஞ்சாவூருக்குப் போய் ஐந்து வாரம் கழித்துத் திரும்பி அலமாரியைத் திறந்தால், யாரோ உள்ளே உட்கார்ந்து மாவு சலித்த மாதிரி இருந்தது. என் தோல் செருப்பு பச்சை. அப்பாவின் மிருதங்கத்தில் வலந்தலையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ரோமம் முளைத்திருந்தது. மனைவியின் கூரைப்புடவையைப் பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டிவைத்திருந்தேன். ஈரமும் பத்திரமாக உள்ளேயே இருந்திருக்கிறது. மடிப்பு மடிப்பாகச் சரிகை கறுத்துவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் வீட்டில் ஏதாவது வாக்குவாதம் என்றால் அந்தப் புடவை தானாக வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அன்று நான் செய்த அடுத்த காரியம் இன்னும் அழகு. நாற்றம் போகட்டும் என்று ஏர்கானை முழு வேகத்தில் போட்டேன். மெத்தை முழுக்கக் கரும்புள்ளி. ஏர்கான் வேலை செய்கிறவன் வீட்டில்!

செங்காங் பையன் எனக்கு ஒருபடி மேலே. என்னைக் கூப்பிடுமுன் வேறு யாரையோ வரவழைத்து, அவர் சொன்னார் என்று கேஸ் நிரப்பக் காசு கொடுத்திருக்கிறான். இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குளிரவைக்கும் அந்தக் கேஸ், மூடி அடைத்த குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. ஐந்து வாரம் சும்மா கிடந்ததால் அது தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பூஞ்சண நாற்றத்துக்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை. அவன் வீட்டில் இருப்பது சிஸ்டம் த்ரீ, வெளியே ஒரு கம்பிரசர், உள்ளே மூன்று யூனிட். கடைசியில் அந்த மூன்று யூனிட்டையும் சுவரிலிருந்து கழற்றி, புளோவரை வெளியே எடுத்துக் கெமிக்கலில் கழுவினோம். கழுவிய தண்ணீர் முதல் இரண்டு வாளி பால் விடாத கோப்பி-ஓ நிறத்தில் இருந்தது. சில நூறு வெள்ளி போயிற்று.

சரி, என்ன செய்யலாம்? கிளம்பும் நாளில் குளிரவைப்பதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, ஃபேன் மோடில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். காயில் காய்ந்துவிடும். அலமாரிக் கதவுகளையும் அறைக் கதவுகளையும் திறந்தே விட்டுப் போங்கள். அலமாரி சுவரோடு ஒட்டியிருந்தால் இரண்டு விரல் இடம் விட்டுத் தள்ளுங்கள். பட்டுப்புடவைக்குப் பிளாஸ்டிக் வேண்டாம், பழைய பருத்தி வேட்டி போதும். ஈரத்தை உறிஞ்சும் டப்பாக்கள் உதவும், ஆனால் அவை நிரம்பும். மேல் தட்டில் வைத்து அது கவிழ்ந்தால், அந்த உப்புத் தண்ணீர் கீழே இருக்கும் தோல்பையைத் தீர்த்துக்கட்டிவிடும். அடித்தட்டில் வையுங்கள்.

பூஞ்சணத்துக்குப் பயந்து மாதம் முழுக்க ஓடவிடுவது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிலர் இந்தப் பக்கம் சாய்வார்கள். ஈரத்தை மட்டும் எடுக்கும் டிரை மோடில் போட்டாலும் கம்பிரசர் ஓடும், தண்ணீர் இறங்கும். இறங்கும் குழாயில் ஜெல்லி போல ஒன்று வளரும். அது ஒருநாள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் யூனிட்டிலிருந்து சுவர் வழியாக இறங்கும். நீங்கள் வீட்டில் இருந்தால் வாளி வைப்பீர்கள், எனக்குப் போன் செய்வீர்கள். கும்பகோணத்தில் இருந்தால்? பொங்கோலில் ஒரு வீட்டில் இரண்டு வாரம் சொட்டிச் சொட்டி, படுக்கையறை மரத்தரை அப்பளம் மாதிரி உப்பியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆள் இல்லாத வீட்டில் ஏர்கான் ஓட வேண்டாம்.

டைமரை நம்புவது

பல ரிமோட்டுகளில் டைமர் ஒரு தடவைதான் வேலை செய்யும். நாளைக்கு ஓடாது.

வைஃபையை அணைத்துவிட்டு, சாங்கி விமான நிலையத்திலிருந்து கைப்பேசியில் ஏர்கான் போடப் பார்ப்பது

நானும் செய்திருக்கிறேன். மேலே பேச விரும்பவில்லை.

மெயின் சுவிட்சை இறக்குவது

குளிர்பெட்டியில் மீன் இருக்கிறதா? அப்படியானால் அதைத் தொடாதீர்கள். ஏர்கானுக்கும் ஹீட்டருக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கிறது, அவற்றை மட்டும் இறக்குங்கள்.

வாட்டர் ஹீட்டர்

தொட்டி வைத்த ஹீட்டர் யாரும் குளிக்காவிட்டாலும், ஆற ஆறச் சுடவைத்துக்கொண்டே இருக்கும். அணையுங்கள்.

சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது

பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தால் அவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். நீங்கள் சொன்னது அவ்வளவுதானே. அந்தச் செடித்தட்டில் தேங்கும் தண்ணீர் டெங்கிக் கொசுவுக்குப் போதும், ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். கழிப்பறை மூடியைச் சாத்தி, தரைவடிகாலை மூடிவிட்டு, தெரிந்தவர் யாரையாவது வீட்டை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று தேசிய சுற்றுப்புற வாரியமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், அவரிடம் நான் ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிடுவேன். வாரம் ஒருமுறை வந்தால் போதும். மழையில்லாத நாளில், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல். எல்லா ஜன்னலையும் திறந்து, மேலே ஓடும் காற்றாடியை ஒரு மணி நேரம் போட்டுவிட்டு உட்கார்ந்து டிவி பார்க்கலாம். போகும்போது ஜன்னலைச் சாத்தினால் சரி. திரும்பி வரும்போது அவருக்கு மணப்பாறை முறுக்கு ஒரு பாக்கெட். போன முறை இரண்டு கேட்டார்.